கூரையை எட்டாத சுவர்

ஓர் இடத்தில் இருக்கும் பாட்டைப் பல அறைகளில் கேட்பது எங்ஙனம் என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று. டிக்கோயாத் தோட்டங்களில் அதற்குரிய விடை, கூரைக்கும் குறுக்குச் சுவருக்கும் இடைப்பட்ட வெளியில் இருந்தது.

ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களே லயம். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடவில்லை. செலவைச் சுருக்க எண்ணிய துரைமாரின் கட்டடக்கலை அது. ஒரு காம்பராவின் இருமலும் சண்டையும் அடுத்த காம்பராவுக்கும் உரியவையாயின.

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. ஆயினும் மின்சாரமில்லாத லயத்துக்கு வால்வு வானொலி எட்டாக்கனி. 1947 இறுதியில் அமெரிக்காவில் உருவான டிரான்சிஸ்டர், 1954இல் கைவானொலியாகக் கடைக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்களே சிறு பாட்டரியின் துணையோடு லயங்களுள் நுழைந்தன. ஒருவர் வாங்கினால் வரிசையே கேட்டது. நிலையத்தைத் தேரும் உரிமை உடையவருக்கு. கேட்கும் உரிமை அயலாருக்கு. கேளாதிருக்கும் உரிமையோ ஒருவருக்கும் இல்லை!

1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. தம் நாடு எதுவெனத் தெரியாது நின்ற மக்களுக்குச் செய்தி நேரத்தில் அந்தக் குறைச்சுவர் உதவியே புரிந்திருக்கும்.

வீட்டுக் கணினியிலுள்ள பாட்டையும் படத்தையும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பகிர்ந்துகொள்ளும் பொதுமுறையை வகுக்க, 2003 ஜூனில் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் கூடின. மறு ஆண்டில் அவ்வமைப்பு டி.எல்.என்.ஏ. எனப் பெயர் பெற்றது. பாட்டை வைத்திருக்கும் கருவி தன் இருப்பை ஏனைய கருவிகளுக்கு அறிவித்துத் தன் பட்டியலைக் காட்டும். வேண்டிய கருவி கேட்டுப் பெறும். ஆனால் அந்த அறிவிப்பு வீட்டின் வலையமைப்பைத் தாண்டிச் செல்லாது. உள்ளே தாராளம், வாசலில் தாழ்ப்பாள்.

அவ்வமைப்பு 2017இல் கலைந்தது. அதே ஆண்டு மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயா மருத்துவமனையைத் திறந்து, நோர்வூட்டில் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனித்தனி வீடு. சுவர் கூரையைத் தொடும். லயத்து மக்கள் நெடுங்காலம் வேண்டிநின்ற மறைவு அது. அதை இழப்பென்று எவரும் கூறார். இனி ஒரு வீட்டுப் பாட்டு மறுவீட்டுக் கருவிக்குச் செல்ல வேண்டுமாயின், வலையமைப்பின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறல் வேண்டும்.