கூடத்துக்குள் சிறுமலை

திண்டுக்கல் சமவெளியிலிருந்து சிறுமலைக்குச் சைக்கிளில் ஏறியிருக்கிறீர்களா? 18 கொண்டை ஊசி வளைவுகள், மூச்சு வாங்கிவிடும். அந்த ஏற்றத்தை வீட்டுக் கூடத்திலேயே உண்டாக்க முடியுமா?

முடியும். வழி பழையதுதான். டென்மார்க் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக், தசைகளின் வேலையை அளப்பதற்காக, 1913-இல் நகராத சைக்கிள் ஒன்றை அமைத்தார். மின்காந்தம் அதன் சக்கரத்துக்குத் தடை கொடுக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் மிதிப்பவருக்கு மேடேறுவது போலிருக்கும். 1986 வாக்கில் அமெரிக்காவின் ரேசர்மேட் நிறுவனம் இத்தகைய தடையைக் கணிப்பொறியோடு இணைத்தது. பிறகு செயலிகள் வந்தன. 2014-இல் தோன்றிய ஸ்விஃப்ட் உங்களைக் கற்பனைத் தீவில் ஓட்டவைக்கும்; ரூவி உண்மைச் சாலைகளின் படத்தைக் காட்டும்; டிரெய்னர்ரோடு காட்சியை விட்டுப் பயிற்சிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும்.

காட்சி எதுவானாலும் அடிப்படை ஒன்றே. ஆளும் வண்டியும் 80 கிலோ, 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 130 வாட் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். சிறுமலை உங்களை எடை போட்டே ஏற்றும். செயலியிலோ எடையை நீங்களே பதிகிறீர்கள்! பத்துக் கிலோ குறைத்துச் சொன்னால், அதே உழைப்புக்குத் திரையில் வேகம் 11 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 2020-இல் ஸ்விஃப்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் வீரர்களின் எடை சரிபார்க்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே வகைத் தடைக்கருவி தரப்பட்டது.

எந்தச் செயலியும் எதிர்காற்றைத் தராது. உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிகட்டையைச் சேர்கிறது, மிச்சமெல்லாம் வெப்பம். திண்டுக்கல் சித்திரையில் மின்விசிறி இல்லாமல் மிதிக்க உட்காராதீர்கள்.