மிசோரத்தில் யார் ஜெயித்தது?

1975 பொங்கலன்று காலை. வழக்கம்போல அப்பாதான் பேப்பரை முதலில் எடுத்தார். இரண்டு நிமிஷத்தில் மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள், போகியன்று, அய்சாலில் போலீஸ் தலைமை அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆர்யா, சேவா, பஞ்சாபகேசன்.

எங்கள் திருவையாறு பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பஞ்சாபகேசன் இருந்த காலம் அது. எங்கோ மலைமேல் நடந்த சண்டை அந்த ஒரு பெயரால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

சென்ற வாரம் பூங்காவில் காலை நடைக்குப் பிறகு நண்பர்களிடையே வாக்குவாதம். தீவிரவாதத்தை ஜெயிக்க முடியுமா? ஒருவர், "அடிக்கிற அடியில் அடங்கிவிடும்" என்றார். இன்னொருவர், "அமெரிக்காவாலேயே முடியவில்லையே" என்றார். நான் பேசவில்லை. எனக்கு மிசோரம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சண்டை எலியில் ஆரம்பித்தது என்றால் சிரிப்பீர்கள். மிசோ மலைகளில் சுமார் 48 வருஷத்துக்கு ஒரு தடவை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலிலும் குதிரிலும் இறங்கும். பிறகு பஞ்சம்தான். அப்போது அது அசாமின் ஒரு மாவட்டம். 1958-லேயே மாவட்டக் கவுன்சில், பஞ்சம் வரப்போகிறது, 15 லட்ச ரூபாய் கொடுங்கள் என்று அசாம் அரசைக் கேட்டது. கிழவிகள் கதை என்று தள்ளிவிட்டார்கள். 1959-ல் பஞ்சம் வந்தது.

நிவாரண வேலைக்காக மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்று ஒன்று உருவானது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் லால்டெங்கா. நம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு, பிறகு குமாஸ்தா வேலை பார்த்தவர். 1961-ல் முன்னணியின் பெயரிலிருந்து 'பஞ்சம்' போய்விட்டது. மிச்சம் இருந்தது மிசோ தேசிய முன்னணி.

1966 பிப்ரவரி 28 இரவு ஆயுதங்களோடு இறங்கினார்கள். மார்ச் 1-ல் தனிநாடு என்று அறிவித்தார்கள். இந்திரா காந்தி பிரதமராகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 5-ல் நம் விமானப்படை அய்சால்மேல் குண்டு வீசியது. நம் நாட்டு ஊர்மேல் நாமே. சில வாரங்களில் ஊர்களெல்லாம் ராணுவத்தின் கைக்கு வந்துவிட்டன. கணக்குப்படி நாம் ஜெயித்தாகிவிட்டது.

ஆனால் சண்டை இன்னும் இருபது வருஷம் நடந்தது.

1967-லிருந்து 500-க்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து, ஜனங்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். மலேயாவில் வெள்ளைக்காரன் செய்த முறை இது. ஆனால் அவன் அங்கே 1957-ல் சுதந்திரத்தையும் கொடுத்தான். காட்டிலிருந்தவர்களுக்குச் சண்டை போடக் காரணம் குறைந்துவிட்டது. அந்தப் பாதியை நாம் விட்டுவிட்டோம்.

1995-ல் ஆடிட் வேலையாக அய்சால் போயிருந்தேன். எங்களுக்கு ஜீப் ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, எதிர் மலைச்சரிவைக் காட்டினார். "அதுதான் சார் எங்க கிராமம். கிளம்பும்போது நாங்களே வீட்டை எரிக்கணும்னு சொன்னாங்க. எங்க அம்மா கையாலேயே வெச்சாங்க" என்றார். உடைந்த இந்தியில், கோபமே இல்லாமல். நான் பஞ்சாபகேசனைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கிழக்குப் பாகிஸ்தான்தான் அவர்களுக்குப் புகலிடம். 1971-ல் வங்கதேசம் பிறந்ததும் அது போயிற்று. 1972-ல் மிசோரம் யூனியன் பிரதேசமானது. அப்போதும் ஓயவில்லை. 1975-ல் அந்தக் கொலைகள். 1976-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், முறிந்தது. பேச்சு, சண்டை, மறுபடி பேச்சு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் கெஞ்சியவர்கள் அந்த ஊர்ச் சர்ச்சுகளின் பெரியவர்கள். 1984 அக்டோபர் கடைசியில் லால்டெங்கா இந்திராவைச் சந்திக்க டெல்லி வந்திருந்தார். சந்திக்க வேண்டிய நாளில் இந்திராவே சுடப்பட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ராஜீவ் காந்தி விடவில்லை. 1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தனிநாடு கேட்டவர்கள் தனி மாநிலத்துக்கு இறங்கி வந்தார்கள். அரசும் இறங்கியது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் துணை முதலமைச்சரானார். அதில் உட்கார்ந்தவர் லால்டெங்கா.

அந்தச் செய்தி வந்த அன்று அப்பா பேப்பரை என்னிடம் நீட்டினார். "அந்தப் பஞ்சாபகேசன் வீட்டிலே இதை எப்படிடா படிப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்கும் கோபம்தான். சுட்டவர்களின் தலைவனுக்குச் சிவப்புக் கம்பளமா என்று தோன்றியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மனசு மாறியது. 1987 தேர்தலில் லால்டெங்கா ஜெயித்தார். அடுத்த வருஷமே கட்சித் தாவலில் ஆட்சி கவிழ்ந்தது. 1989 தேர்தலில் தோற்றார். இருபது வருஷம் துப்பாக்கி வைத்திருந்த கட்சி, தோற்ற பிறகு காட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தது. உண்மையான வெற்றி என்று ஒன்று இருந்தால் அது அந்த நாள்தான் என்பது என் எண்ணம். அன்று யாரும் பட்டாசு வெடித்திருக்க மாட்டார்கள்.

எல்லா இடத்திலும் இது நடக்குமா என்றால், நடக்காது. கொல்வதைத் தவிர வேறொன்றும் வேண்டாதவனோடு உட்கார்ந்து பேச முடியாது. அவனைத் தடுக்கத் துப்பாக்கி வேண்டும். மிசோரத்திலும் ராணுவம் இல்லாதிருந்தால் லால்டெங்கா மேஜைக்கு வந்திருக்க மாட்டார். ஆனால் ராணுவம் மேஜை வரைக்கும்தான் கொண்டுவரும். ஆப்கானிஸ்தானில் 2001-லேயே தாலிபான் ஓடிவிட்டது. அந்த டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் பேச்சு நடந்தபோது தோற்றவர்களைக் கூப்பிடவில்லை. 2020-ல் அவர்களோடேயே கையெழுத்துப் போட்டார்கள். 2021-ல் அவர்களே காபூலுக்குத் திரும்பினார்கள். அதுவும் இருபது வருஷம்தான்.

2006-ஐ ஒட்டி மிசோரத்தில் மூங்கில் மறுபடி பூத்தது. எலி வந்தது, கஷ்டமும் வந்தது. இந்தத் தடவை அரசாங்கம் முன்கூட்டியே தயாரானது, எலி வாலுக்குக் காசு கொடுத்து எலி பிடிக்கச் சொன்னது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சோரம்தங்கா, காட்டில் லால்டெங்காவோடு இருந்தவர். யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை.

அதைப் பார்க்க அப்பா இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலும் இல்லை. அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய நியாயம் சேரவே இல்லை. ஜீப் ஓட்டியவரின் அம்மாவுக்கும்தான்.