புருவமில்லா வீடு: வியன்னா நகரம் தரும் வரலாற்றுப் பாடம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றனர் நம் முன்னோர். கட்டுகிறவருக்குச் செலவும் அலைச்சலும். பார்க்கிறவருக்கோ சொல்ல ஆயிரம் குறை! தனி ஒருவரின் வீட்டுக்கே இந்த நிலை என்றால், ஊரார் அனைவரும் தமது சொத்தாகக் கருதும் ஆலயத்துக்கும் அரண்மனைக்கும் எதிரே, எவரும் கண்டிராத புது மாதிரியில் ஒரு கட்டடத்தை எழுப்பினால் கேட்கவும் வேண்டுமோ?

யூபிலி ஆண்டு என்பது பழைய கதைகளைப் பேசி மகிழும் ஆண்டு. ஆலயம் எழும்பிய வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லும்போது, முகப்பு எப்படி இருக்க வேண்டும், கோபுரம் எவ்வளவு உயரம் வேண்டும், என்ன வண்ணம் பூச வேண்டும் என்று அன்று நடந்த வாக்குவாதங்களும் எந்தப் பங்கிலும் கூடவே வரும். ஆகவே இம்மலரில், கட்டட முகப்புகளுக்காகவே மூன்று முறை கொந்தளித்த ஒரு நகரத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். அந்நகரம் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா. டானூப் நதிக்கரையில் அமைந்த இந்நகரிலிருந்து, ஹாப்ஸ்பர்க் வமிசத்துக் கத்தோலிக்கப் பேரரசர்கள் 1918-ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்தனர்.

சொல்லால் பட்ட காயம்

1857-ஆம் ஆண்டின் இறுதியில், நகரைச் சுற்றியிருந்த பழைய மதில்களை இடித்துவிட்டு அவ்விடத்தில் அகன்ற வட்டச் சாலை அமைக்குமாறு பேரரசர் பிரான்சிஸ் யோசேப்பு ஆணையிட்டார். அச்சாலையில் எழுந்த பெரிய கட்டடங்களுள் முதன்மையானது இசை நாடக அரங்கமாகும். எதுவார்த் வான் டெர் நுல், ஆகஸ்ட் சிக்கார்ட்ஸ்பர்க் என்ற இரு நண்பர்கள் அதை வடிவமைத்தனர். வேலை தொடங்கிய பின்னர் சாலையின் மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டது. அதனால் அரங்கம் பள்ளத்தில் அமிழ்ந்தது போலத் தோன்றியது. அது அந்த இருவரின் பிழையன்று. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'மூழ்கிப்போன பெட்டி' என்றனர். 1866-இல் ஆஸ்திரியப் படை பிரஷ்யாவிடம் படுதோல்வி அடைந்த போர்க்களத்தின் பெயரைச் சொல்லி, கட்டடக் கலைக்கு நேர்ந்த தோல்வி இதுவே என்றும் ஏளனம் செய்தனர்.

1868 ஏப்ரலில் வான் டெர் நுல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஏறக்குறைய பத்து வாரங்களில் நண்பர் சிக்கார்ட்ஸ்பர்க்கும் நோயுற்று மறைந்தார். 1869 மே மாதத்தில் அரங்கம் திறக்கப்பட்டபோது அதைக் காண இருவருமே இல்லை. ஊராரின் ஏளனம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுவது முறையாகாது. மனிதருடைய உள்ளத்தின் துயரங்களை முற்றும் அறிந்தவர் இறைவன் ஒருவரே. எனினும் அந்த ஏளனம் அவர்களுடைய இறுதி நாட்களைக் கசப்பாக்கியது என்பதில் ஐயமில்லை. இதன்பின் பேரரசர் எந்தக் கலைப்படைப்பைக் கண்டாலும், மிக அழகாயிருக்கிறது, மகிழ்ச்சி என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார் என்று வியன்னா மக்கள் கதையாகச் சொல்வதுண்டு.

அதே அரங்கம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. உட்புறம் பெரும்பாலும் அழிந்தது; சாலையை நோக்கிய முகப்பு தப்பியது. எந்த முகப்பைப் பழித்தார்களோ அதையே மக்கள் பொன்போலக் காத்து, உள்ளே புதிதாகக் கட்டி, 1955-இல் மீண்டும் திறந்தனர்.

மிக்கேல் சதுக்கத்துச் சண்டை

இரண்டாவது கொந்தளிப்பே இன்றும் உலகெங்கும் பேசப்படுவது. அரண்மனை வாயிலின் முன்னே ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்குள்ள அதிதூதர் புனித மிக்கேல் ஆலயத்தின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய பழம்பெரும் ஆலயம் அது. அரசவையின் பங்கு ஆலயமாக விளங்கியது. இசை மேதை மோசார்ட் 1791 டிசம்பர் 5-இல் இறந்தபோது, ஐந்து நாட்கள் கழித்து அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக இவ்வாலயத்தில்தான் வழிபாடு நடந்தது. அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற இரங்கற்பாவின் பகுதிகள் அன்று அங்கே பாடப்பட்டன.

ஒரு புறம் அரண்மனை, மறு புறம் ஆலயம். இவற்றுக்கு எதிரே 1909-ஆம் ஆண்டில் ஒரு மனை காலியாயிற்று. உயர்தர ஆடவர் ஆடைகள் தைத்து விற்ற 'கோல்ட்மன் - சாலட்ச்' என்ற நிறுவனம் அங்கே கடையும் குடியிருப்பும் கட்ட விரும்பி, அடோல்ப் லோஸ் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. லோஸ் 1870-இல் புருன் நகரில் ஒரு கற்சிற்பியின் மகனாகப் பிறந்தவர். மூன்று ஆண்டுகள் அமெரிக்காவில் கழித்துத் திரும்பியவர். தேவையற்ற அலங்காரம் உழைப்பையும் பொருளையும் வீணாக்குவது. தொழிலாளியின் நேரத்தைத் திருடுவது என்று மேடைகளில் வாதாடியவர்.

1910-ஆம் ஆண்டில் சாரம் பிரிக்கப்பட்டபோது நகரமே திகைத்தது. கீழ்த்தளங்கள் இரண்டிலும் கிரேக்க நாட்டின் எவ்வியா தீவிலிருந்து வந்த பச்சை வரியோடிய சலவைக்கல். வாசலில் அதே கல்லில் நான்கு பெரிய தூண்கள். வெங்காயத்தின் அடுக்குகள் போன்ற வரிகள் உடைமையால் அக்கல்லுக்கு இத்தாலிய மொழியில் வெங்காயத்தின் பெயரே வழங்குகிறது. இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தபோதுதான் வந்தது வினை. மேலே நான்கு மாடிகளிலும் வெறும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு! சிற்பமில்லை, தொங்கலில்லை, மாலையில்லை. அக்கால வியன்னாவில் ஒவ்வொரு சன்னலின் மேலும் புருவம் போல வளைந்த வேலைப்பாடு இருக்கும். இங்கே சுவரில் சதுரமாக வெட்டிய துளைகளாகச் சன்னல்கள் நின்றன. 'புருவமில்லா வீடு' என்று மக்கள் பெயர் சூட்டினர்.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். தெருவில் கிடக்கும் சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்து, இதுதான் நான் தேடிய முகப்பு என்று கட்டடக் கலைஞர் மகிழ்வதாக ஒரு கேலிச் சித்திரம் வெளிவந்தது. தானியக் கிடங்கு என்றும் குப்பைப் பெட்டி என்றும் பலர் பழித்தனர். நகர மன்றத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. மாநகர அதிகாரிகள் வேலையை நிறுத்தினர். அவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. அனுமதிக்காகக் கொடுத்த வரைபடத்தில் ஒருவிதமான முகப்பு இருந்தது. கட்டியபோது வேறுவிதமாக இருந்தது. பேரரசர் இந்த வீட்டைக் காண விரும்பாமல் அந்தப் பக்கத்து வாயிலைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார் என்றும், சன்னல் திரைகளை மூடச் சொன்னார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது கதையே அன்றிச் சான்றுள்ள செய்தியன்று.

லோஸ் வாய்மூடி இருக்கவில்லை. 1910 அக்டோபரில் 'ரைக்ஸ்போஸ்ட்' என்ற கத்தோலிக்க நாளேட்டிலேயே தம் விளக்கத்தை வெளியிட்டார். சதுக்கத்தோடு பொருந்த வேண்டும் என்பதே தம் எண்ணம் என்றும், எதிரிலுள்ள ஆலயத்தின் பாணியே தமக்கு வழிகாட்டியது என்றும் கூறினார். ஊருக்குப் பொதுவான கடைப்பகுதிக்கு உண்மையான சலவைக்கல். குடும்பங்கள் வாழும் மேல்மாடிகளுக்குப் பழைய வியன்னாவின் எளிய இல்லங்களைப் போன்ற சுண்ணாம்புப் பூச்சு. கல்லைப் போலத் தோன்றும் போலிப் பூச்சு வேலை தமக்கு வெறுப்பைத் தருகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். புகழ்பெற்ற மூத்த கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னரும், எழுத்தாளர் கார்ல் கிராவுசும் அவர் பக்கம் நின்றனர். ஆயினும் ஓராண்டுக்கும் மேல் நீடித்த இந்தப் போராட்டத்தினிடையே அவர் வயிற்று நோயால் மிகவும் துன்புற்றார். 1911 டிசம்பர் 11-இல் தம் வீட்டைப் பற்றி அவர் பேசியபோது, கேட்பதற்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மண்டபத்தில் கூடினர். ஒரு வீட்டின் சுவரைப் பற்றிக் கேட்க இத்தனை பேர்! அந்நகர மக்கள் தம் ஊரை எவ்வளவு நேசித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முடிவில் வந்த சமாதானம் நம்மைப் புன்னகைக்க வைக்கும். சன்னல்களின் கீழே வெண்கலப் பூந்தொட்டிகளை வைக்க லோஸ் இசைந்தார். 1912-இல் அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டனர். இரு தரப்பாரின் மானமும் தப்பியது. அத்தொட்டிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. லோஸ் 1933-இல் காலமானார். 1947-இல் ஆஸ்திரிய அரசு இந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. எதைப் பழமைக்கு விரோதி என்றார்களோ, அதுவே காக்க வேண்டிய பழமையாகிவிட்டது!

எது பழமை?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் புதிய வீட்டால் கெட்டுவிட்டது என்று மக்கள் வருந்திய அரண்மனை முகப்பு எவ்வளவு பழையது? அதன் வரைபடம் பதினெட்டாம் நூற்றாண்டினது. ஆனால் கட்டடம் எழுந்தது 1889-க்கும் 1893-க்கும் இடையில்தான். லோசின் வீடு எழுந்தபோது அதற்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த முகப்பை முடிப்பதற்காக, மோசார்ட்டின் இசை நாடகங்கள் அரங்கேறிய பழைய நாடகக் கொட்டகை 1888-இல் இடிக்கப்பட்டது.

புனித மிக்கேல் ஆலயமும் அப்படியே. நடுக்கூடம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. பீடப்பகுதியும் கோபுரமும் பின்னர் வந்தவை. வாசல் மண்டபத்தின் மேல் லுசிபேரை வீழ்த்தும் மிக்கேலும் மற்றச் சம்மனசுகளும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. இன்று காணும் முகப்போ 1792-இல் அமைந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கைவேலையை அந்த ஆலயத்தில் விட்டுச் சென்றிருக்கிறது. நாம் 'பழமை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல புதுமைகளே அல்லவா?

பேராலயத்தின் எதிரே கண்ணாடி

மூன்றாவது கொந்தளிப்பு நம்மில் பலருடைய வாழ்நாளில் நடந்தது. 1147-இல் முதன்முதலாக அர்ச்சிக்கப்பட்டதும், 1433-இல் முடிந்த 136 மீட்டர் உயரத் தென்கோபுரத்தை உடையதுமான புனித முடியப்பர் பேராலயம் வியன்னாவின் இதயமாகும். அதன் எதிரே கம்பள வணிகரான ஹாஸ் குடும்பத்தார் 1860-களில் ஒரு பெருங்கடை கட்டினர். அதை வடிவமைத்தவர்கள் நாம் முன்பு கண்ட அதே வான் டெர் நுல், சிக்கார்ட்ஸ்பர்க் ஆகிய இருவரே. 1945 ஏப்ரலில் பேராலயத்தின் கூரை எரிந்த அந்தக் கொடிய நாட்களில் அக்கடையும் அழிந்தது. 1950-களில் அவ்விடத்தில் எளிய கட்டடம் ஒன்று எழுந்தது. 1985-இல் அதையும் நீக்கிவிட்டு, ஹன்ஸ் ஹொலைன் என்ற கட்டடக் கலைஞர் கண்ணாடியும் கல்லும் கலந்து வளைந்து நிற்கும் ஒரு மாளிகையை வடிவமைத்தார்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. பேராலயத்தின் எதிரே கண்ணாடிக் கடையா என்று பலர் கொதித்தனர். பழைய உரோமையர் பாசறையின் மதில் அங்கே வளைந்து சென்றதையே தம் கட்டடத்தின் வளைவு நினைவூட்டுகிறது என்றார் ஹொலைன். 1990-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் கண்ணாடியில் பேராலயத்தின் கோபுரமும் கூரையும் நிழலாடுகின்றன. இன்று அங்கு செல்லும் பயணிகள் அந்த நிழலையே படம் பிடிக்கிறார்கள். 2012-இல் இதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று.

நமக்கு உரிய பாடம்

இதனால் புதியவை எல்லாம் நல்லவை என்று கூற வரவில்லை. உலகில் எத்தனையோ அழகிய தெருக்களை அவசரக் கட்டடங்கள் கெடுத்திருக்கின்றன. அவற்றை எதிர்த்தவர்கள் சொன்னது சரியே என்று காலம் காட்டியும் இருக்கிறது. ஊர் மக்கள் கேள்வி கேட்பது தவறன்று. அது அன்பின் அடையாளம்; தம்முடையது என்ற உரிமை இல்லாதவர் குறை சொல்லவும் வரமாட்டார். கட்டுகிறவர் முன்கூட்டியே ஊராருக்கு உண்மையைக் காட்டி விளக்கியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பதும் மிக்கேல் சதுக்கம் தரும் பாடமே.

ஆனால் முதல் நாளில் கண்ணுக்கு உறுத்துவதைக் கொண்டு இறுதித் தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. கட்டடத்தைக் குறை கூறும்போது கட்டியவரைக் காயப்படுத்தவும் கூடாது. வியன்னாவின் இசை நாடக அரங்கம் பழிச்சொல்லைத் தாங்கி நின்றது. அதைக் கட்டிய மனிதர் தாங்கவில்லை. சுவரைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். ஒரு பூந்தொட்டி வைத்தாவது சமாதானம் ஆகலாம். மனிதர் ஒருவரை இழந்தபின் எதைக் கொண்டு ஈடு செய்வது?

பங்கு மக்களே, நாளை நம் பிள்ளைகள் ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கட்ட முன்வருவார்கள். நமக்குப் பிடிக்காமலும் போகலாம். அப்போது நம் கருத்தைத் தாராளமாகச் சொல்லுவோம். அவர்கள் விளக்கத்தையும் பொறுமையோடு கேட்போம். நம் முன்னோர் கட்டியதைக் கண்டு அன்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்த முகப்பின் கீழேதான் நாம் ஞானஸ்நானம் பெற்றோம், மணமுடித்தோம், நம் பெற்றோரை வழியனுப்பினோம். இன்று அதில் ஒரு கல்லைக்கூட மாற்ற நமக்கு மனம் வருவதில்லை.