நந்தவனமும் நாற்காலியும்

நம் வட்டத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், தொழில், கையொப்பம் என நான்கு கட்டங்கள் உண்டு. பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலர் பணித்தபோது, பழைய பதிவேடுகளை வாங்கிவந்து புரட்டினேன். ஆசிரியர், வங்கி அலுவலர், வக்கீல் குமாஸ்தா, மில் தொழிலாளி, அஞ்சலக ஊழியர் என்று மூன்றாம் கட்டம் நிரம்பிக் கிடக்கிறது. ‘கவிஞர்’ என்று ஒருவரும் எழுதவில்லை. அதை அடக்கம் எனக் கொள்ளலாம். ஆனால், திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் அன்பர் ஒருவர், நம் கவியரங்குகளில் மிக நல்ல வெண்பாக்களைப் படித்தவர், தம் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தை ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே விட்டு வந்திருக்கிறார். அவர் கைத்தறி நெசவாளர். காரணம் கேட்டேன். “எழுதினால் இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை ஐயா, எனக்குத்தான் கை வரவில்லை” என்றார். அந்த வெற்றுக் கட்டமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

எந்தத் தொழில் உயர்ந்தது என்ற வினாவுக்கு நூல்களில் விடை எளிது. வள்ளுவர் உழவுக்குத் தனி அதிகாரமே வகுத்து, மற்றையோரை அதன் பின்னே நிறுத்தினார். ஊரார் கூறும் விடை வேறு. பெண் கேட்டு வந்தவரிடம் வீட்டார் கேட்கும் முதற்கேள்வியில் அந்த விடை இருக்கிறது. பேருந்தில் அரைமணிப் பயணத் தொலைவில் அமைந்த திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய நம் இரண்டு ஊர்களின் வரலாற்றைப் பார்த்தால், அந்த விடை எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதும், யாரால் மாறியது என்பதும் ஒருவாறு புலப்படும்.

திருவில்லிபுத்தூரின் பெருமை ஒரு தோட்டக்காரரிலிருந்து தொடங்குகிறது. வடபத்திரசாயிக்கு நந்தவனம் அமைத்து, பூப்பறித்து, மாலை கட்டிச் சாத்துவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் விட்டுசித்தர் என்னும் பெரியாழ்வார். பாண்டியன் வல்லபதேவன் பரம்பொருளை நிறுவுவோர்க்கெனப் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டதும், செல்வநம்பியின் வழியாக ஆழ்வார் மதுரை அவைக்குச் சென்றதும், கிழி தானே தாழ்ந்ததும், யானைமேல் ஏற்றி வலம் வந்தபோது அவர் பல்லாண்டு பாடியதும் குருபரம்பரை கூறும் செய்திகள். ‘பட்டர்பிரான்’ என்னும் பட்டம் அன்று கிடைத்தது. இன்று உலகம் அவரை அறிவது வாதம் வென்றவராகவா, பூத்தொடுத்தவராகவா? பொன்னைக் கோயிலுக்கே ஈந்துவிட்டு அவர் மீண்டும் நந்தவனத்துக்குத் திரும்பினார் என்பதே மரபு. கையில் பொற்கிழியோடு மதுரையிலேயே தங்கியிருந்தால் அவைப் பண்டிதர் பட்டியலில் மற்றொரு பெயராகக் கழிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தத் தோட்டக்காரரைப் பற்றித் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் எழுதியவர் பேரரசர் ஒருவர். 1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரே அவர், காவியம் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக்கொடுத்தவள் என்பது பெயரின் கருத்து. அதில் வரும் மாலதாசரியின் கதையை நம் கவிஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தாழ்ந்த குலத்தவர் எனப்பட்ட பாணர் ஒருவரின் பாட்டின் பயனைப் பெற்று, பிரமராட்சதனாகத் திரிந்த ஓர் அந்தணன் சாபவிமோசனம் அடைகிறான். திருக்குறுங்குடி நம்பாடுவான் கதையின் தெலுங்கு வடிவம் எனலாம். ஆயின், அதே காவியத்தின் அரசியல் பகுதியில், கோட்டைகளை அந்தணர் பொறுப்பில் விடுவதே மன்னனுக்கு நன்மை என்ற அறிவுரையும் காணப்படுகிறது. பாட்டிலே குலம் பாராத புலவர், பதவி வழங்குமிடத்தில் குலம் பார்க்கும் அரசராகிவிடுகிறார். ஒரே கை எழுதிய இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் அகப்பட்டதே நம் நாட்டுத் தொழில்களின் வரலாறு.

புலமை ஒரு பதவியாக நம் பக்கத்திலும் இருந்ததுண்டு. இராஜபாளையத்துக்குத் தெற்கே சேற்றூர் சமீன் புலவர்களைப் போற்றியது. முகவூர்க் கவிராயர் மரபு அதன் நிழலில் தழைத்தது. சமஸ்தான வித்துவான் என்றால் அக்காலத்தில் ஊரே எழுந்து வழிவிட்டது. 1948-ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த நிழலும் அகன்றது. அதற்காக நான் வருந்துவதில்லை. சமீன்தாரின் பிறந்தநாளுக்குப் பாடிய பாட்டுகளில் எத்தனை இன்று படிக்கத் தக்கவை?

அதற்கு வெகு முன்னரே வேறொரு நாற்காலி ஊருக்குள் வந்துவிட்டது. திருவில்லிபுத்தூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல்தான் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகி நம் பகுதி அதனோடு சேர்ந்தது. 1875-இல் திருவில்லிபுத்தூரில் தோன்றிய பொது நூலகத்துக்குக் கலெக்டர் பென்னிங்டனின் பெயரே வாய்த்தது. நூறாண்டுக்கு மேலாக அந்த நூலகத்தில் படித்தவர்களுக்கு அப்பெயர் சொல்லாமல் சொல்லிய செய்தி ஒன்றுண்டு: ஆழ்வாரின் ஊரிலும் ஏட்டுக்கு மேலே எழுதப்படுவது அதிகாரியின் பெயர். நீதிமன்றம் வந்தது, வக்கீல்கள் வந்தார்கள், அவர்களைச் சுற்றிக் குமாஸ்தாக்களும் மனு எழுதுவோரும் பெருகினர். 1985-இல் புதிய மாவட்டம் பிரிந்து, தலைநகர் விருதுநகரான பின்னும், மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலேயே நிலைத்தது.

‘அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்’ என்ற பழமொழியும், ‘கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும்’ என்ற புதுமொழியும் அடிமை மனத்தின் அடையாளம் என்று மேடைகளில் நகைப்பது வழக்கம். நானும் நகைத்ததுண்டு. எண்ணிப் பார்த்தால் அந்த நகைப்பு நியாயமன்று. வானம் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் வரும் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம் என்பன ஒருபுறம் இருக்கட்டும். பண்ணையாரின் முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றவரின் மகன், அதே பண்ணையார் மனுவோடு வந்து நிற்கும் மேசைக்குப் பின்னால் அமர முடிந்தது. தந்தையின் தொழில் மகனை விடாமல் பற்றியிருந்த நாட்டில், பிறப்பைக் கேளாமல் தேர்வை மட்டும் கேட்ட முதல் வேலை அது. மதிப்பு நாற்காலிக்கு அன்று, அந்த விடுதலைக்கு. அரசாணைத் தாளின் தலையில் உள்ள கோபுரம் நம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெருமைப்படுகிறோம். மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உளர். வேலைக்கான ஆணையைக் கையில் வாங்கியவனுக்கு எந்தக் கோபுரமானாலும் கும்பிடத்தக்கதே.

ஆனால் தேர்வு எழுதும் நிலைக்கு வந்தவர் யார்? இவ்விடத்தில்தான் இராஜபாளையம் வரலாற்றுக்குள் நுழைகிறது. விசயநகரப் படையோடு ஆந்திரத்திலிருந்து வந்தோர் என்பது இராஜுக்களின் மரபுச் செய்தி. வாளை வைத்துவிட்டு ஏரைப் பிடித்த அச்சமூகத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்லை நிறுவினார். 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார். மில்லுச் சங்கு ஊதத் தொடங்கியபின் பெண் கேட்கும் பேச்சில் ‘மில்லு வேலை’ என்ற சொல்லுக்கு ஒரு கனம் ஏறியது. அதே சமூகத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரானார்.

அவர் ஆட்சிக் காலத்தில்தான் உயர்ந்த தொழில்களுக்கான வாயில் யாருக்குத் திறப்பது என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகிர்ந்த வகுப்புவாரி ஆணை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் செல்லாதென முடிந்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சி அவ்வாண்டு ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. ஒரு தொழிலின் மதிப்பை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: நெசவுக்கோ உழவுக்கோ இடம் கேட்டு எவரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை.

1952 தேர்தலில் குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றார். 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரசு இராஜாஜியை அழைத்தது. அவர் 1953-இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் நாமறிந்ததே: சிற்றூர்ப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரண்டு பங்கு பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொணரும் வழி இது என்பது அவர் வாதம். கைத்தொழிலின் மேன்மையை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் திட்டம் நகரங்களைத் தொடவில்லை. திருவில்லிபுத்தூர் வக்கீலின் மகன் நாள் முழுதும் படிக்கலாம். சிற்றூர் நெசவாளியின் மகன் பாதி நாள் தறிக்குத் திரும்ப வேண்டும். கைத்தொழில் அத்தனை மேன்மையுடையதாயின் அதை வக்கீலின் மகனுக்கு ஏன் வழங்கவில்லை? பெரியாரின் இயக்கம் இதைக் ‘குலக்கல்வி’ என்றது. அந்தப் பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டுப் போந்த விருதுநகர்க்காரர், திட்டத்தைக் கைவிட்டார். ஆக, நம் ஊர் வாக்காளர் ஒருவரைத் தோற்கடித்ததில் தொடங்கிய சங்கிலி, நம் பக்கத்து ஊர்க்காரர் கையில் முடிந்தது.

தோற்ற குமாரசாமி ராஜா பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்து, 1957-இல் மறைந்தார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கே அளித்துவிட்டார்.

பிந்திய கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் சுயநிதிப் பொறியியற் கல்லூரி எழுந்தது. பொறியாளர் என்ற சொல் தெருவுக்குத் தெரு கேட்கலாயிற்று. மருத்துவர் என்ற சொல்லின் மதிப்பு மட்டும் குறையவேயில்லை. அந்த மருத்துவர் காயத்தில் சுற்றும் பேண்டேஜ் துணி, இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்பட்டதாக இருக்கக்கூடும். நெய்தவரை நோயாளி அறியார், மருத்துவரும் அறியார். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பண்டத்துக்கு, அடுப்பின்முன் நின்று கிண்டுபவரின் பெயர் எப்பெட்டியிலும் இல்லை. ஆண்டாளின் இடத்தோளுக்கு நாள்தோறும் ஒரு கிளி வேண்டும். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு அதைக் கட்டுவது தலைமுறை வழிவந்த கைப்பணி. ஒரு கிளிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், மறுநாள் புதுக்கிளி. அதை வியந்து பேசாதவர் நம்மில் இல்லை. தம் மகனை அப்பணிக்கு அனுப்பும் எண்ணம் வியப்பவர் எவருக்கும் இல்லை, எனக்கும் இருந்ததில்லை. குலக்கல்வியை எதிர்த்தது சரி. எதிர்த்து வென்ற நாம், தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்ததோடு நில்லாமல், பிறப்பின் இழிவைத் தொழிலின் தலையில் சுமத்திவிட்டுப் படியேறி வந்துவிட்டோமோ என்பதே என் ஐயம். நெசவாளரின் கை வராமைக்கு அவர் மட்டுமா பொறுப்பு?

நிற்க. ‘ஆமுக்தமால்யதா’ தமிழுக்கு வந்தது இராஜபாளையத்தின் வழியாக என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008), வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வழங்கும் ஊரில் பிறந்து, பன்மொழி பயின்று, அக்காவியத்தைத் தமிழாக்கினார். 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. திருவில்லிபுத்தூர்த் தோட்டக்காரரின் கதை, விசயநகரம் சென்று, ஏறத்தாழ நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அரைமணித் தொலைவிலிருந்து வீடு திரும்பியது. இந்நூலை நெசவாள அன்பருக்குச் சென்ற ஆண்டு படிக்கத் தந்தேன். மாலதாசரி பகுதியில் பல இடங்களில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். கோட்டைகளைப் பற்றிய அறிவுரைக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டிருந்தார்.

புதிய பதிவேட்டில் ‘தொழில்’ என்ற கட்டமே வேண்டாமெனச் செயற்குழுவில் சிலர் கருதுகின்றனர். கட்டம் இருக்கட்டும் என்பது என் கட்சி. அடுத்த மாதக் கூட்டத்தில் பொருள் விவாதத்துக்கு வருகிறது. முதலில் பேசுமாறு அவரையே கேட்டிருக்கிறேன்.