மனைவி என்பதற்குச் சாட்சி

எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் இருக்கிற கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். ஆரணியில் சங்கத்துக்கு நெய்கிறவர்களில் பலருக்கும் அந்தப் பெயர் பழக்கம். வள்ளியம்மை யார் என்று கேட்டால் 'காந்தியோட ஜெயிலுக்குப் போன பொண்ணு' என்பதுவரை பதில் வரும். எதற்காகப் போனாள் என்றால், 'வேற எதுக்கு, சுதந்திரத்துக்குத்தான்'. கல்யாணத்துக்காகப் போனாள் என்று தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒருநாள் சொன்னபோது சிரித்தார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லையே என்றார் ஒருவர். ஆகவில்லைதான். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பேச்சு எழுந்த சந்தர்ப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு நெசவாளரின் மகளை ஐரோப்பிய நாடொன்றில் குடியுரிமை பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த நாட்டின் கண்ணில் இவள் 'வெளிநாட்டு மனைவி'. அழைத்துக்கொள்ள அவர் விசாவுக்கு மனுப்போட்டார். தமிழ் எம்.ஏ. படித்தவன், கொஞ்சம் இங்கிலீஷும் வரும் என்பதால் கல்யாணப் பத்திரிகையை மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை பேசுகிறீர்கள் என்று கேள்விகள். பெண் பார்க்க வந்த அன்று இருபது நிமிஷம் பார்த்ததை 'முதல் சந்திப்பு' என்று எழுதினோம். மனு தள்ளுபடியானது. இது உண்மையான, நீடிக்கக்கூடிய மணவாழ்க்கை என்று நம்புவதற்குச் சான்று போதவில்லையாம். பெண்ணின் அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'ஐநூறு பேர் வந்து சாப்ட்டுட்டுப் போனாங்களே சார், அது சாட்சி இல்லியா?'

அதே கேள்வியை 1913இல் நம் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் என்று சும்மா சொல்லவில்லை. ஆரணி அப்போது வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1989இல்தான் அந்த ஜில்லா பிரிந்து நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் ஆனோம். சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அதிகம் அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆர்க்காடு முக்கியமானது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911இல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெண்கள் வந்த விதம் கவனிக்கத்தக்கது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்கவேண்டும் என்பது விதி. பெண் அங்கே முதலில் ஒரு விகிதாச்சாரம். பிறகுதான் மனைவி, தாய் எல்லாம். போய் இறங்கியதும் இன்னாருக்கு இன்னார் பெண்சாதி என்று 'பாதுகாவலர்' என்ற அதிகாரியின் பதிவேட்டில் ஏறவேண்டும். ஊரில் தாலி கட்டியது, சீர் வைத்தது, ஜாதி சனம் பார்த்தது எல்லாம் கடலோடு போயிற்று. மைதான் மிச்சம்.

1897இல் நேட்டால் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது. ஆனால் தகுதியுள்ளவனின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. தாராள மனசு என்று தோன்றும். விலக்கு கொடுத்த அந்த நிமிஷத்தில்தான் 'மனைவி' என்ற சொல் எல்லைக் காவலனின் கைக்குப் போனது. யார் மனைவி என்பதை இனி ஊர் சொல்லாது. துறைமுகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவன் சொல்வான். அதிகாரம் 'இல்லை' என்று மறுக்கும்போது மட்டும் செயல்படுவதில்லை, சலுகை தரும்போதுதான் இன்னும் ஆழமாக உள்ளே நுழைகிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் பேசுகிறோமே, அதை டர்பன் துறைமுகத்தில் கூலிக்காரன் படிக்காமலே அனுபவித்தான்.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சேர்ல் தீர்ப்பு சொன்னார். போர்ட் எலிசபெத்தில் குடியிருந்த ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவிலிருந்து தன் மனைவி பாய் மரியத்தை அழைத்து வந்தார், அவரை இறங்கவிடவில்லை. அது செல்லும் என்றார் சேர்ல். பலதாரத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம், சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல. அந்த மனிதனுக்கு எத்தனை மனைவி என்பது இங்கே பிரச்சினையில்லை. இன்னொருத்தியைக் கட்ட அவன் மதம் இடம் தருகிறது என்பதே போதும். செய்த காரியத்துக்கல்ல, செய்யக்கூடும் என்ற சாத்தியத்துக்குத் தண்டனை. அதுவும் அவனுக்கல்ல, அவளுக்கு.

இந்தத் தர்க்கத்தின் வேர் 1866இல் இங்கிலாந்தில் இருக்கிறது. ஹைட் எதிர் ஹைட் என்ற வழக்கு. மார்மன் சபையிலிருந்து வெளியேறிய ஒருவர், யூட்டாவில் தான் விட்டுவந்த மனைவியிடமிருந்து விவாகரத்துக் கேட்டார். திருமணம் என்றால் கிறிஸ்தவ உலகம் புரிந்துகொண்டபடி ஒருவனும் ஒருத்தியும் ஆயுள் முழுக்கச் சேர்ந்திருப்பது. மற்றது எங்கள் கோர்ட்டுக்குரிய திருமணம் அல்ல என்றார் பென்சான்ஸ் பிரபு. வாரிசுரிமை, பிள்ளைகளின் தகுதி பற்றியெல்லாம் நான் எதுவும் தீர்மானிக்கவில்லை என்று அவரே எல்லை கட்டியும் வைத்தார். எல்லைகளைச் சாம்ராஜ்யம் மதிக்குமா? ஒரு அமெரிக்கச் சபையைப் பற்றிய வழக்கு வாக்கியம், கடல் கடல்களாகப் பயணம் செய்து, கேப் டவுனில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பியது. வாக்கியங்களுக்கு விசா தேவையில்லை.

காந்தி இந்தத் தீர்ப்பை அதன் சட்ட எல்லைக்கு அப்பாலும் விரித்துப் படித்தார் என்று வாதிட இடமுண்டு. இந்து, முஸ்லிம், பார்சி முறைப்படி நடந்த கல்யாணம் எல்லாம் செல்லாது, அத்தனை பெண்களும் வைப்பாட்டிகள் ஆக்கப்பட்டார்கள் என்று அவர் சொன்னது ஓர் அரசியல் வாசிப்பு. சரியான வாசிப்பு என்றே நினைக்கிறேன். அதுவரை பெண்கள் சத்தியாக்கிரகத்துக்கு வரவேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தவரும் அவர்தான். இப்போது கதவு திறந்தது. செப்டம்பர் 15 அன்று ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூர்பா உட்படப் பதினாறு பேர் புறப்பட்டார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து பதினோரு பெண்கள் புறப்பட்டார்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு. எல்லையில் எங்கும் கைது செய்யவில்லை. நியூகாசில் போனார்கள். நிலக்கரிச் சுரங்கக் கூலிகளிடம் பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது.

அங்கே என்ன பேசினார்கள்? கல்யாணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மூன்று பவுன் தலைவரியைப் பற்றிப் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாதவன் வருஷா வருஷம் கட்டவேண்டிய வரி. 1895இல் சட்டமாகி, பிறகு பதினாறு வயது ஆண் பிள்ளைக்கும் பதிமூன்று வயதுப் பெண் பிள்ளைக்கும்கூட நீண்டது. மனைவி என்று சட்டம் ஒப்புக்கொள்ளாதவளிடமும் வரி வாங்கத் தயக்கமில்லை. துறைமுகத்தில் குடும்பம் இல்லை, வரிப் புத்தகத்தில் குடும்பம் உண்டு. இந்த முரணைக் கூலிகளுக்கு விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அக்டோபர் 21 அன்று அந்தப் பெண்களைக் கைது செய்து மூன்று மாதம் தண்டித்தார்கள். நவம்பர் 6 அன்று எல்லையை நோக்கி நடந்தவர்கள் காந்தியின் கணக்கில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் பற்றிய தன் நூலில் காந்தி அந்தப் பதினோரு பெண்களின் பட்டியலைத் தருகிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி பவானி தயாள். ஒன்பது பேர் கணவர் பெயரால். சொந்தப் பெயரோடு பட்டியலில் இடம் பெற்றவர்கள் இருவர்தான். இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள். தன் கல்யாணம் செல்லும் என்று நிரூபிக்க ஜெயிலுக்குப் போனவளை வரலாறு அந்தக் கல்யாணத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. காந்தியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் வழக்கம் என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்கள் விமர்சகர்களாக இருக்க அவசியமில்லை.

வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் 1898இல் பிறந்தவள். பெற்றோர் தரங்கம்பாடிப் பக்கத்துத் தில்லையாடியிலிருந்து போனவர்கள். அம்மாவோடு சிறைக்குப் போய், காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பதினாறு வயது. அவளைப் பற்றி மேடைகளில் வழங்கும் ஒரு கதை எல்லோருக்கும் தெரியும்: உங்கள் நாட்டுக்குக் கொடி உண்டா என்று அதிகாரி கேட்க, தன் சேலையைக் கிழித்துக் காட்டி இதுதான் கொடி என்றாளாம், அதன் நிறங்களே மூவர்ணமாயிற்றாம். காங்கிரஸ் மேடைக்கு மூவர்ணக் கொடி வந்ததே 1921க்குப் பிறகு. அதில் காவி ஏறியது 1931. கதை பொய் என்று காட்டுவது சுலபம். ஏன் இந்தப் பொய் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி. சேலை கொடியாகிறபோது, ஒரு பெண் யாரோடு எங்கே வாழலாம் என்ற பிரச்சினை தேசத்தின் பிரச்சினையாக உருமாறிவிடுகிறது. அப்புறம் கல்யாணத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. தறிக்காரர்கள் 'சுதந்திரத்துக்குத்தான்' என்று சொன்னதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

1914 ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது. கல்யாணம் செல்லும். ஆனால் ஒரே மனைவி. இரண்டு பேரைக் கட்டியிருந்தால் ஒருத்திதான் வரமுடியும். மற்றவள் இந்தியாவிலேயே கிடக்கவேண்டியது. முஸ்லிம் வணிகர்களில் ஒரு பகுதியினர் இதை எதிர்த்தார்கள். பலதாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கிறிஸ்தவ உலகத்தின் வரையறைக்குள் வந்து நின்றால்தான் மனைவி என்ற சேர்லின் விதி, வெற்றியின் பெயரிலேயே நிலைபெற்றது என்பதைத்தான் சொல்கிறேன். தவிர, அந்த வெற்றிக்கு நாற்பது வருஷம்கூட ஆயுள் இல்லை. 1953இல் நிறவெறி அரசு, தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இந்தியாவிலிருந்து மனைவியை அழைத்து வருவதையே சட்டம் போட்டு நிறுத்தியது.

அதே 1953இல் இங்கே, சென்னை உயர் நீதிமன்றம், 1934இல் ஐயரும் அக்கினியும் இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. தெய்வானை ஆச்சி வழக்கு. வெள்ளைக்காரன் மட்டுமா செய்தான்? மாலை மாற்றி, ஊர் கூடி, தலைவர்கள் பேசி நடந்த ஆயிரக்கணக்கான கல்யாணங்களின் பெண்கள் ஒரே நாளில் பாய் மரியம் ஆனார்கள். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம்தான் பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்துச் செல்லுபடி தந்தது. திராவிட இயக்கத்தின் சாதனைப் பட்டியலில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு நடந்தவற்றில் சாட்சியின் வடிவம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. லண்டனில் தன்னை மணக்கப்போகிறவரிடம் வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். நிச்சயமான பெண்ணுக்கு முன் அனுமதி வேண்டாம், மனைவிக்கு வேண்டும். ஆகவே இவள் ஏற்கெனவே மனைவியா என்று உடம்பைத் திறந்து பார்த்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது நடந்ததாக 2011இல் வெளிவந்த அரசு ஆவணங்கள் காட்டின. 1980 முதல் 1997 வரை, நீ கல்யாணம் செய்ததன் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவதல்ல என்று வருகிறவனே நிரூபிக்கவேண்டும் என்ற விதி இருந்தது. இல்லாததை நிரூபி என்பது. ஆண்கள் தங்கள் மனைவியரை அழைக்கலாம், பெண்கள் கணவரை அழைப்பது கடினம் என்ற பாரபட்சத்தை 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தபோது, பிரிட்டன் இருவருக்கும் சமமாகக் கடினமாக்கிச் சமத்துவம் கண்டது. இப்போது சாட்சி சம்பளம்: 2012இல் வருஷத்துக்கு 18,600 பவுன், 2024 ஏப்ரலில் 29,000. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ உள்ளே அனுமதிக்கக் கோருவது குடிமகனின் அடிப்படை உரிமையே அல்ல என்று 2024 ஜூனில் சொல்லிவிட்டது.

நம் வீட்டுக்கு வருவோம். 1983க்குப் பின் வந்து முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர் ஒருவரை இங்குள்ள இந்தியப் பெண் கட்டினால் என்ன ஆகும்? இந்தியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து ஏழு வருஷம் இங்கே வாழ்ந்தவர் பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது 1955 குடியுரிமைச் சட்டம். 1986 திருத்தத்துக்கு முன் இது மனைவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. இந்தியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவனுக்கு இல்லை. ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' கேட்க முடியாது. 2003 திருத்தம் போட்ட பூட்டு அது. கள்ளத்தோணியில் உயிர் தப்பி வந்தவன் வேறு யார்? 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இவர்களுக்குப் பிறந்த பிள்ளையும், தாய் இந்தியப் பெண்ணாக இருந்தும், இந்தியக் குடிமகன் அல்ல. 2019 திருத்தத்தில் ஈழத்தமிழர் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களைத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கி 2025இல் ஓர் ஆணை வந்தது. ஜெயிலில் போடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள், குடிமகன் என்பதல்ல. எங்கள் தெருப் பெண்ணுக்கு விசா மறுத்த நாட்டைத் திட்டுகிற உற்சாகத்தில் ஒரு பாதியாவது இதற்கு மிச்சம் வைக்கலாம்.

இரண்டாவது மனுவுக்கு என்ன வைப்பது என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். முகூர்த்தச் சேலை அப்பா தன் தறியிலேயே நெய்தது. பாவு பிணைத்ததிலிருந்து அறுத்து மடித்ததுவரை பதினெட்டு நாள் என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பெண்ணின் அம்மா உள்ளே போய் மொய் நோட்டைக் கொண்டுவந்து போட்டார். 'இதுல இருக்கு பாருங்க, வந்தவங்க எல்லாம்.' எண்பது பக்க நோட்டு, மஞ்சள் தடவியது. இதைவிட நல்ல சாட்சி எனக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். சேவூர் இன்னார் மகன் இன்னார், 201. முள்ளிப்பட்டு இன்னார், 101. பக்கம் பக்கமாக ஆண் பெயர்கள்தான். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வேறு மாதிரி இருந்தது: 'பாவு பிணைக்கிற அம்மா, 51.' பெயரைக் கேட்டேன். அம்மாவுக்கும் உடனே நினைவு வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவர ஆள் அனுப்பியிருக்கிறார்.