கேலன் கணக்கில் ஒரு கப்பல்

வெங்காயம் 1,800 கட்டு. மெழுகுவத்தி 30 பெட்டி. காப்பி 90 பவுண்டு. ரம் 17,274 கேலன். கைவிலங்கு 40, கால்விலங்கு 40.

1764 செப்டம்பரில் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘சாலி’ என்ற பாய்மரக் கப்பலின் சரக்கு இது. சுமார் 100 டன் கப்பல். அதற்குள் ரம் மட்டுமே இன்றைய அளவில் 65 ஆயிரம் லிட்டர். சரக்கு நிக்கலஸ் பிரவுன் கம்பெனிக்குச் சொந்தம். நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்ற நான்கு சகோதரர்கள் அதன் பங்காளிகள். கப்பல் போன இடம் மேற்கு ஆப்பிரிக்கக் கரை.

ரோட் ஐலண்டு வட அமெரிக்காவில் ஒரு கையகலப் பிரிட்டிஷ் குடியேற்றம். வர்ஜீனியாவுக்குப் புகையிலை இருந்ததுபோல் இங்கிலாந்துக்கு அனுப்ப இதனிடம் பெரிய விளைபொருள் எதுவும் இல்லை. குதிரை, மரம், உப்பிட்ட மீன் ஆகியவற்றைக் கரீபியத் தீவுகளில் விற்றார்கள். அங்கிருந்து திரும்பி வந்தது மொலாசஸ். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருத்த பாகு. அதைத் தண்ணீரில் கரைத்து, சில நாள் புளிக்கவிட்டு, செப்புக் கொப்பரையில் கொதிக்க வைப்பார்கள். குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் குழாய் வழியே ஆவி சாராயமாகச் சொட்டும். ஆப்பிரிக்கா போகும் சரக்கை மறுபடியும் வடித்துக் காரம் ஏற்றுவதுண்டு. காரம் ஏறினால் பீப்பாய் குறையும்; கப்பலில் இடம் மிஞ்சும்.

சாலி கிளம்பிய அதே 1764இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சர்க்கரைச் சட்டம் கொண்டுவந்தது. அந்நிய மொலாசஸுக்குக் கேலனுக்கு 3 பென்ஸ் வரி. பழைய 6 பென்ஸில் இது பாதிதான். ஆனால் பழைய வரியை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை. புதியதைக் கறாராக வசூலிக்கப் போகிறார்கள் என்பதுதான் வணிகர்களின் கலக்கம். ரோட் ஐலண்டு ஒரு முறையீடு எழுதியது. ஆண்டுக்கு 14,000 பெரிய பீப்பாய் மொலாசஸ் வருகிறது, அதில் ஆங்கிலேயத் தீவுகளிலிருந்து வருவது 2,500தான், 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இதை நம்பி நடக்கின்றன என்று அது கணக்குக் காட்டியது. ஆண்டுதோறும் 18 கப்பல்கள் ரம் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போவதையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அந்தக் கப்பல்கள் எதை வாங்கப் போகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தக் காலத்து அமெரிக்க வணிகருக்கு வங்கி கிடையாது. பிராவிடன்ஸுக்கு முதல் வங்கி வந்ததே 1791இல்தான். ரொக்கமும் அரிது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஏட்டில் நடந்தது. அன்றன்றைக்கு நடந்ததை நாள்வழியில் குறித்து, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் பற்று, வரவு என்று பிரித்து ஏற்றுவார்கள். ஒருவர் கொடுத்த பீப்பாய்ப் பலகைக்கு ஈடாக இன்னொரு நாள் ரம் கழியும்.

ஆப்பிரிக்கக் கரையில் அந்த ரம்மே நாணயம் ஆனது. சாலியின் தலைவர் ஈசெக் ஹாப்கின்ஸ் வைத்திருந்த கணக்கேட்டில் இதைப் பார்க்கலாம். உள்ளூர்த் தலைவர்களுக்குக் கொடுத்த காணிக்கை ரம். மற்றக் கப்பல்களிடம் துணியும் இரும்பும் துப்பாக்கியும் மாற்றிக்கொண்டதும் ரம் கொடுத்துத்தான். மனிதர்களின் விலையும் கேலனில். பல மாதம் கரையோரம் அலைந்து அவர் வாங்கியவர்கள் 196 பேர்.

வெங்காயத்தை எழுதிய அதே சாவதானத்தோடு ஏடு சாவுகளையும் எழுதிக்கொண்டு போகிறது. ஒரு பெண் கீழ்த்தளத்தில் தூக்கிட்டுக்கொண்டாள் என்பது ஒரு வரி. சிறுவன் ஒருவன் இறந்தான் என்பது இன்னொரு வரி. பெயர்கள் இல்லை, ஆண், பெண், சிறுவன், சிறுமி என்ற வகையும் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும் எண்ணும்தான். 1765 ஆகஸ்ட் 28 அன்று அடைபட்டவர்கள் எழுந்து போராடினார்கள். மாலுமிகள் சுட்டதில் 8 பேர் மாண்டார்கள். வேறு பலர் படுகாயமடைந்தார்கள். பிறகு பட்டினியும் நோயும். கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் விற்பனை முடிவதற்குள் இறந்தவர்கள் குறைந்தது 109 பேர். மெலிந்து நின்ற மற்றவர்களுக்கு நல்ல விலை வரவில்லை. பிரவுன் கம்பெனியின் பேரேட்டில் அது நஷ்டம்.

அந்த நஷ்டத்துக்குப் பின் மூன்று சகோதரர்கள் நேரடி அடிமை வணிகத்தை விட்டார்கள். மோசஸ் 1773இல் தன் அடிமைகளை விடுவித்து, குவேக்கர் சபையில் சேர்ந்து, அடிமை வணிகத்துக்கு எதிராக வாதாடினார். ஜான் விடவில்லை. சரக்குக்குப் புதுத் திசையும் தேடினார்: 1787 டிசம்பரில் அவர் பங்கு கொண்டிருந்த ‘ஜெனரல் வாஷிங்டன்’ கப்பல் இரும்பும் ஜின்செங்கும் ரம்மும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்ச் சீனத்தின் கான்டன் துறைமுகத்தை எட்டியது. 1797இல் அடிமை வணிகத் தடைச் சட்டத்தின்கீழ் ஜான் மீது வழக்கு நடந்தது. ‘ஹோப்’ என்ற கப்பலை இழந்தார்.

சாலி கிளம்பிய ஆண்டில் தொடங்கிய ரோட் ஐலண்டு கல்லூரிக்கு நிக்கலஸின் மகன் 5,000 டாலர் கொடுத்ததால், 1804இல் அது பிரவுன் பல்கலைக்கழகம் ஆனது. தன் பழைய பணத்தின் வேரை ஆராய அந்தப் பல்கலைக்கழகமே 2003இல் குழு அமைத்து, 2006இல் அறிக்கை வெளியிட்டது. குழு புரட்டிய ஆவணங்களில் ஹாப்கின்ஸின் ஏடும் உண்டு. அது அதே வளாகத்து ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகத்தில் இருக்கிறது, ஓரத்து எண்களோடு.