உபதேசியார் ஐயரான வரலாறு

மாதுங்காவில் 'ஐயர் வந்தார்' என்று ஒருவர் கூறினால், கேட்பவர் ஒரு பொருள் கொள்வார். தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர் அதே சொற்களைக் கூறினால், சபையின் குருவானவர் வந்தார் என்பது பொருள். அந்த ஐயருக்குக் கீழ்ப்படியில் நின்று ஊழியம் செய்பவர் உபதேசியார். ஒரு படிதானே என்று நாம் எண்ணலாம். ஆனால் அந்த ஒரு படியை ஏறத் தமிழர் காத்திருந்த காலம் சிறிதன்று.

1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். குருவாக வந்த அவர் முதலில் மாணாக்கரானார். தமிழ்ச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதி நம் எழுத்துக்களைக் கற்றார். 1716-இல், ஊழியத்திற்குத் தமிழ் இளைஞர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளி தொடங்கினார்.

ஆயினும் பெரும்பகுதிப் பயிற்சி பள்ளியறைக்கு வெளியேதான் நடந்தது. இளைஞன் மூத்த உபதேசியாரோடு ஊர் ஊராக நடப்பான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். நோயாளியின் பக்கத்தில் அமர்வான். இறந்தவரை அடக்கம் செய்வதில் துணை நிற்பான். கண்டதையும் கேட்டதையும் குருவிடம் திரும்பிவந்து உரைப்பான். கைத்தொழிலைத் தகப்பனோடு இருந்து மகன் கற்பது போன்ற கல்வி அது.

கடலூரில் பிறந்த ஆரோன் அவ்வழியில் வந்தவர். 1718-இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். உபதேசியார் போதிக்கலாம், திருவிருந்து வழங்க இயலாது. அதற்கு ஐயர் வேண்டும். ஐரோப்பிய ஐயர்களோ தஞ்சை மன்னரின் எல்லைக்குள் விரும்பியபோதெல்லாம் செல்ல முடியாத நிலை. சிற்றூர்ச் சபைகள் காத்திருந்தன. இறுதியில் 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்ட் சபைகளில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1745-இல் மறையும்வரை மாயவரம் பகுதிச் சிற்றூர்களில் அவர் பணியாற்றினார்.

பின்னர் தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற சத்தியநாதன், உபதேசியாராக நெல்லைக்கு அனுப்பப்பட்டு, 1790-இல் குருவானார். அவர் ஆற்றிய பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-இல் இலண்டனில் அச்சாயிற்று. அவருக்குத் துணையாக வந்த இளைஞர் தாவீது, நெல்லைச் சீமையில் 1799-இல் முதலூர் என்னும் குடியிருப்பு தோன்றக் காரணமானார். ஒருவரிடம் கற்றவர் மற்றொருவரை உருவாக்கினார்; அந்தச் சங்கிலியே சபையை வளர்த்தது.

எனினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. பயிற்சி நீளும்போது அது தகுதியை வளர்ப்பதும் உண்டு. தகுதி வந்தபின்னும் ஒருவரைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவைப்பதும் உண்டு. ஆரோன் குருவான பின் 179 ஆண்டுகள் கழிந்தே ஓர் இந்தியர் ஆங்கிலிக்கன் சபையில் பேராயரானார். அவரும் நெல்லைத் தமிழரே: 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா.

நம்மைப் போலவே அவரும் வெளியூர் சென்று வாழ்ந்தவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, அம்மக்களின் மொழியைக் கற்றார். 1912-இல் பேராயரான பின், உயர்ந்த ஆங்கிலக் கல்வியை மட்டும் அவர் தகுதியாகக் கொள்ளவில்லை. சிற்றூர்களில் ஆசிரியராக உழைத்துச் சோதிக்கப்பட்டவர்களைத் தேர்ந்து குருவாக்கினார். தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா குடிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஊழியரின் மனைவியருக்கும் பயிற்சி அளித்தார். நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அவர் செயலில் காட்டினார்.

இந்நாளில் ஊழியத்தை நாடும் இளைஞர் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இவ்வரலாறு கூறுவது, புத்தகத்தோடு ஒரு மூத்தவரின் நிழலிலும் நடந்து பழகவேண்டும் என்பது. மூத்தவர்க்கும் அது ஒன்று கூறுகிறது: கூட நடந்தவன் தனியே நடக்கத் தகுந்த நாளை அறிந்து, அன்றே வழிவிடவேண்டும். கற்பிப்பவரின் கடமை அங்கேதான் நிறைவு பெறுகிறது.